ஆனைமடுவின் இருட்டு

“மீன் தங்க மாட்டேங்குது, தாயே.”

தில்லைக்கண்ணு வெறுங்குடத்தை முற்றத்தில் வைத்துவிட்டு நின்றார். பூரணியம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“செத்துப்போச்சா?”

“செத்திருந்தா மிதக்குமே. ஒண்ணுகூட மிதக்கல. நேத்து சாயங்காலம் கீழேரியிலேருந்து குடம் நிறைய விரால் குஞ்சு கொண்டாந்து மடுவுல விட்டேன். காலையில போய்ப் பாத்தா வெறும் தண்ணி.”

“போன தடவை?”

“போன தடவை கெண்டை. அதுக்கு முன்னால கெளுத்தி. எல்லாம் இதே கதைதான். விட்ட கையோட கெளம்பிப் போயிடுது. நான் என்ன குறை வெச்சேன்னு தெரியல. எனக்கு அழுகையே வருது, தாயே.”

“தண்ணி எப்படி இருக்கு?”

“அவ்வளவு சுத்தம். குனிஞ்சா அடி மணல் தெரியும்.”

கீரை உருவுகிற கை நின்றது. பிறகு மறுபடி உருவ ஆரம்பித்தது.

“உச்சிக்கு வரேன்,” என்றாள்.

தில்லைக்கண்ணுவுக்குத் திக்கென்றது. உச்சிப் பொழுதில் நாவல்துறையில் யாரும் ஆற்றுப்பக்கம் போக மாட்டார்கள். நிழல் காலடியில் சுருங்குகிற நேரம் நல்ல நேரமில்லை என்று நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் பூரணியம்மை வருகிறேன் என்றால் வருவாள். கேள்வி கிடையாது.

மடம் என்று பெயரே தவிர, அவளுக்கு இருந்தது ஒரு கூரை, ஒரு அடுப்பு, அவ்வளவுதான். நாற்பது வயதுகூட இருக்காது. தில்லைக்கண்ணுவுக்கோ ஐம்பது தாண்டி மீசை நரைத்துவிட்டது. அவர் அவளைத் தாயே என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். இதில் யார் குரு, யார் சீடர் என்று வெளியூர்க்காரன் கொஞ்ச நேரம் முழிப்பான். முழிக்கட்டும், நமக்கென்ன.

மடுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மேலே போக முடியாது.

நாவலாறு ஊருக்கு மேற்கே ஒரு திரும்பு திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில்தான் ஆனைமடு. யானை இறங்கினாலும் முழுகிப்போகிற ஆழம். கரை நெடுக மருத மரங்கள், வேரெல்லாம் தண்ணீருக்குள். என்றைக்கோ வெள்ளத்தில் சாய்ந்த மரங்கள் அடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. நடுப்பகலிலும் அங்கே தண்ணீர் கறுப்புதான்.

ஆறு முழுக்க வலை வீசுவார்கள். அந்த மடுவில் மட்டும் வீச மாட்டார்கள். மடு மீனுடைய வீடு, வீட்டைவிட்டு வெளியே வருகிற மீன்தான் நமக்கு. இதுதான் துறைக்கட்டு. அந்தத் துறைக்குத் தலைவர் தில்லைக்கண்ணு.

அவருடைய ஒரே மகள், சின்னப் பிள்ளை செங்கமலம், ஒரு நாள் மருத வேரின் மேல் ஏறி நின்று மடுவில் குதித்தாள். தினமும் குதிக்கிற பெண்தான். அன்றைக்குக் குதித்தவள் மேலே வரவில்லை.

முங்கித் தேடினார்கள். துழாவித் தேடினார்கள். கடைசியில் துறைக்கட்டை மீறி வலையும் போட்டார்கள். கிடைக்கவில்லை.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. முகம் பார்க்காமல் வாய்க்கரிசி போட மாட்டார்கள். முகம் பார்க்காத சாவு அவர்களுக்குச் சாவே இல்லை. காரியம் கிடையாது, விளக்கு கிடையாது, அழுது தீர்க்கவும் வழி கிடையாது.

தில்லைக்கண்ணு கோடாலியை எடுத்தார். அவர் எடுத்ததும் ஊரே எடுத்தது. பிள்ளை ஊருக்குப் பொதுதானே! மருத மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அடியில் கிடந்த மரங்களை மாடு பூட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். மடுவுக்குக் கீழே தண்ணீரைத் தடுத்து நின்ற பாறைக்கட்டை உடைத்து மடுவை வடித்தார்கள். சேற்றைக் கூடை கூடையாக அள்ளினார்கள்.

வேர் வந்தது. ஆமை ஓடு வந்தது. செங்கமலம் வரவில்லை.

அப்புறம் மீனும் வரவில்லை. வீடு போனபிறகு மீன் எங்கே குஞ்சு பொரிக்கும்? மடுவில் மட்டுமில்லை, ஆறு முழுக்கவே மீன் அற்றுப்போனது. வலைகள் பொட்டலில் காய்ந்தபடியே இற்றுப்போயின. பாதித் துறை செங்கல் சூளைக்குக் குடிபெயர்ந்தது.

அப்போதுதான் தில்லைக்கண்ணு பூரணியம்மையின் காலில் விழுந்தார். ஆற்றைக் கெடுத்தது நான், நானே மீட்டுக் கொடுக்க வேண்டும், வழி சொல்லுங்கள் என்று கதறினார்.

“ஆத்தோட போய் இருங்க, அண்ணே,” என்று மட்டும் சொன்னாள் அவள்.

இருந்தார். உடைத்த பாறைக்கட்டைக் கல் கல்லாக அடுக்கித் திரும்பக் கட்டினார். மடு நிறைந்தது. விடிந்தால் மூங்கில் கழியோடு இறங்கிவிடுவார். ஓர் இலை விழுந்தால் எடுப்பார். ஒரு சுள்ளி மிதந்து வந்தால் எடுப்பார். பாசி படிந்தால் தேய்ப்பார். ஊரே மெச்சியது. பூஜை அறை மாதிரி வைத்திருக்கிறாரப்பா ஆற்றை என்றார்கள்.

மீன் மட்டும் மெச்சவில்லை.

உச்சிக்குப் பூரணியம்மை வந்தாள். இரண்டு பேரும் மடுக்கரையில் நின்றார்கள்.

சத்தமே இல்லை. ஆறு என்றால் ஏதாவது ஒரு சத்தம் இருக்க வேண்டாமா? தவளை இல்லை, கொக்கு இல்லை, தண்ணீர்ப்பூச்சிகூட இல்லை. ஒரு மீன்கொத்தி வந்து கல்லில் உட்கார்ந்தது. மடுவை ஒரு பார்வை பார்த்தது. வந்த வழியே விருட்டென்று பறந்துபோனது.

“எப்பவும் இப்படித்தானா?” என்றாள்.

“எப்பவும் இப்படித்தான்.”

“பயமா இல்லையா, அண்ணே?”

“பழகிப்போச்சு,” என்றார். பொய். தினமும் முதுகு சில்லிட்டுத்தான் அவர் அந்தத் தண்ணீரில் இறங்கினார்.

வெயில் அடிவரை இறங்கியிருந்தது. விளிம்பையொட்டிய அடி மணலில் அவர் நிழல் கிடந்தது. பக்கத்தில் பூரணியம்மையின் நிழல் கிடந்தது. அதற்கும் பக்கத்தில் இன்னொரு நிழல் கிடந்தது, சின்னதாக.

தில்லைக்கண்ணு திரும்பிப் பார்த்தார். கரையில் அவர்கள் இரண்டு பேர்தான். மறுபடி தண்ணீரைப் பார்த்தார். நிழல் அங்கேயே இருந்தது.

“தாயே, அடியில ஏதாச்சும் தெரியுதா உங்களுக்கு?”

“என்ன தெரியணும்?”

“ஒண்ணுமில்ல.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். நிழல் இரண்டுதான்.

பூரணியம்மை கரையில் கிடந்த ஒரு சருகை எடுத்தாள். தண்ணீரில் போட்டாள்.

அது நனைவதற்குள் தில்லைக்கண்ணு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். சருகை எடுத்து வேட்டியில் துடைத்து மடியில் முடிந்துகொண்டார். தான் என்ன செய்தோம் என்பது செய்து முடித்தபிறகுதான் அவருக்கே உறைத்தது.

“யாருக்காக இவ்வளவு சுத்தம்?” என்றாள்.

“மீனுக்குத்தான், தாயே. வேற யாருக்கு?”

“மீன் கேட்டுச்சா?”

அவர் மடியிலிருந்த முடிச்சைத் தடவினார்.

“சரி. நாளைக்கு உங்களுக்கு விருந்து வெக்கிறேன். வலைப்பொட்டலுக்கு வந்துடுங்க. இதே நேரம்.”

மறுநாள் போனார். வலைப்பொட்டல் என்பது ஊர் நடுவே வலை காயப்போடுகிற வெட்டவெளி. ஒரு செடி கிடையாது. நட்டநடுவில் தலைவாழை இலை போட்டிருந்தது. சோறு, சாம்பார், அவருக்குப் பிடித்த சேனை வறுவல். பூரணியம்மை பக்கத்தில் நின்றாள்.

சுற்றிலும் ஊர் நின்றது.

“என்னது இது, எல்லாரும் வந்திருக்கீங்க? நீங்களும் உக்காருங்களேன்.”

யாரும் வாய் திறக்கவில்லை. அவரைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அம்மை அப்படித்தான் சொல்லி நிறுத்தியிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது.

“சாப்பிடுங்க, அண்ணே,” என்றாள்.

சோற்றைப் பிசைந்தார். எல்லாக் கண்ணும் அவர் விரலைப் பார்த்தன. வாயில் வைத்தார். எல்லாக் கண்ணும் வாயைப் பார்த்தன. மெல்ல முடியவில்லை. சேனை வறுவல் தொண்டையில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடித்தார். குரல்வளை ஏறி இறங்குவதையும் பார்த்தார்கள். இத்தனைக்கும் அத்தனை பேரும் தெரிந்த முகங்கள், ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒருத்தர் கண்ணும் இமைக்கிற மாதிரித் தெரியவில்லை.

“சாப்பிட்ட களைப்பு இருக்கும். இங்கயே ஒரு தூக்கம் போடுங்க.”

“இங்கயா?”

“இங்கதான். நல்ல வெளிச்சம், நல்ல சுத்தம். காலையில நானே பெருக்கினேன்.”

குரு வார்த்தையாயிற்றே. படுத்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்கு வெளியே அத்தனை பேரும் நிற்பது உடம்பு முழுக்கத் தெரிந்தது. தாங்க முடியாமல் திறந்தார்.

எதிரில் நின்ற இரண்டு பெண்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டிருந்தது. ஒரு சின்னப் பிள்ளை நிற்கிற அளவு இடம். அந்தப் பெண்களில் ஒருத்தியின் கை, யாருடைய தலைமேலோ வைத்தது போல, அந்தரத்தில் நின்றது.

தில்லைக்கண்ணு எழுந்து ஓடினார். துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டார். அது போதவில்லை. அடுக்களைக்குப் போனார். அதுவும் போதவில்லை. நெற்குதிருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் புகுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே கும்மிருட்டு. மூச்சு மெல்ல மெல்லச் சீரானது.

மனைவி தனபாக்கியம் அடுப்படியில்தான் இருந்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு தட்டில் பழைய சோறும் துவையலும் வைத்து இடுக்குக்குள் தள்ளினாள். அவர் வழித்துச் சாப்பிட்டார். அவ்வளவு பசி இருந்தது.

வாசலில் பூரணியம்மையின் குரல் கேட்டது.

“அண்ணே, விருந்தை விட்டுட்டு எங்க போயிட்டீங்க?”

“இங்க இருக்கேன், தாயே.”

“இங்கன்னா?”

“குதிருக்குப் பின்னால.”

“அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. இருட்டா இருக்கு.”

சொன்ன வாய் அப்படியே நின்றது. தட்டைக் கீழே வைத்தார். வெகுநேரம் அந்த இடுக்கிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது பூரணியம்மை போய்விட்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவர் மடுக்கரைக்குக் கயிறும் மாடும் கொண்டுபோனார். அன்றைக்கு வெட்டி இழுத்துப்போட்ட மருத மரங்கள் கரையில் இன்னும் கிடந்தன. கிளையும் வேருமாக ஒரு பெரிய மரத்தைத் தேர்ந்தெடுத்தார். அதைத் தண்ணீர் விளிம்புவரை இழுத்துக்கொண்டு வந்தார். இனி ஒரு தள்ளு தள்ளினால் போதும், மடுவுக்குள் போய்விடும்.

தள்ளவில்லை.

வெயில் ஏறியது. மாடு அசைபோட்டது. தில்லைக்கண்ணு மரத்தின்மேல் இரண்டு கையையும் வைத்தபடி நின்றார். பூரணியம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கை வர மாட்டேங்குது, தாயே.”

“கனமா இருக்கா?”

“கனமில்ல.” அவருக்கு உதடு கோணியது. “இதைப் போட்டா இருண்டு போயிடும். இலை விழும், பாசி படியும், மறுபடி கறுப்பாயிடும். அப்புறம் எம்பொண்ணு மேல வந்தா எனக்கு எப்படித் தெரியும்?”

சொல்லிவிட்டார். இத்தனை நாள் தனக்கே சொல்லிக்கொள்ளாததைச் சொல்லிவிட்டார். அப்படியே மண்ணில் உட்கார்ந்து, பெரிய மனுஷன் என்பதெல்லாம் மறந்து, ஓவென்று அழுதார்.

“தினம் தினம் நான் பெருக்கினது மீனுக்காக இல்ல. என்னைக்காவது ஒரு நாள் அந்த முகம் தெரியும்னுதான் பெருக்கினேன். ஒரே ஒரு தடவை பாத்துட்டாப் போதும். அரிசியைப் போட்டு அனுப்பிச்சுடுவேன். ஊரை ஏமாத்தினேன். உங்களையும் ஏமாத்தினேன்.”

“என்னை ஏமாத்தலியே.”

“தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“நீங்க மீனைப் பத்திக் கேட்டீங்க, அண்ணே. நான் மீனுக்குப் பதில் சொன்னேன்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “அப்ப இப்பக் கேக்கறேன். எம்பொண்ணைப் பத்திக் கேக்கறேன். சொல்லுங்க!”

பூரணியம்மை வாயைத் திறந்தாள். திறந்துவிட்டு மூடிக்கொண்டாள். அவள் பார்வை அவரைத் தாண்டிப் போனது. தில்லைக்கண்ணு திரும்பினார்.

தனபாக்கியம் நின்றிருந்தாள். புருஷன் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போனதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருந்தாள். மகள் போன நாளிலிருந்து அவள் இந்தக் கரையை மிதித்ததில்லை. அவள் முந்தானையில் ஏதோ முடிச்சு இருந்தது.

“அரிசி,” என்றாள், அவர் பார்ப்பதைப் பார்த்து. “வருஷக்கணக்கா முடிஞ்சு வெச்சிருக்கேன். பூச்சி விழுந்தா மாத்தி மாத்தி முடிஞ்சுக்கறேன்.”

“முகம் பாக்காம எப்படிடி போடறது?”

“உங்க துறைக்கட்டு எனக்கும் தெரியும்.”

“அப்புறம் என்ன?”

தனபாக்கியம் தண்ணீர் விளிம்புக்கு வந்தாள். அடிவரை தெரிகிற அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

“பத்து மாசம் அவளை நான் இருட்டுலதான் வெச்சிருந்தேன்,” என்றாள். “ஒரு நாள் முகம் பாத்தேனா? பாக்கலியே. அவ வளரலியா? உதைக்கலியா? என் பொண்ணுதான்னு எனக்குத் தெரியலியா?”

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

“அப்பவே திறந்து பாத்திருந்தா என்ன ஆயிருக்கும்?” என்றாள்.

பூரணியம்மை எழுந்தாள். தனபாக்கியத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள்.

தில்லைக்கண்ணு மரத்தில் கை வைத்தார். தனபாக்கியமும் வைத்தாள். தள்ளினார்கள்.

மரம் சத்தமில்லாமல் இறங்கியது. அவ்வளவு பெரிய மரத்துக்கு ஒரு சத்தம் இருந்திருக்க வேண்டும். இல்லை. யாரோ அடியிலிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது போல மெதுவாகப் போய் அமர்ந்தது. மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடியது.

தனபாக்கியம் முடிச்சை அவிழ்த்து அரிசியைத் தண்ணீரில் போட்டாள். அது அடியில் போய்ச் சேருவதைத் தில்லைக்கண்ணு பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு கரையில் கிடந்த மரங்கள் எல்லாம் மடுவுக்குள் போயின. நொச்சிக் கட்டும் மூங்கில் தூரும் போயின. கரை நெடுக மருதங்கன்று நட்டார்கள், விளிம்பில் கோரையைப் பிடுங்கி வந்து ஊன்றினார்கள். ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே, அன்றைக்கு மெச்சின அதே வாயால் திட்டினார்கள். பூஜை அறை மாதிரி இருந்ததைக் குப்பைமேடாக்கிவிட்டானே, இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.

தில்லைக்கண்ணு அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு இருந்த கஷ்டம் வேறு. தண்ணீரில் ஓர் இலை விழும். கை பரபரக்கும். எழுந்துவிடுவார். பூரணியம்மை பக்கத்தில் இருந்தால் பேசாமல் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொள்வாள். அவள் இல்லாத நாளில் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இலை மெதுவாக ஊறி, கறுத்து, அமிழ்ந்து போகும். ஒவ்வோர் இலைக்கும் அவர் ஒரு தடவை செத்துப் பிழைத்தார்.

மழை வந்தது. நாவலாறு செக்கச்செவேலென்று பெருகியது. கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது, பிறகு இறங்கியது. வெள்ளம் வடிந்தபிறகு மடுவைப் பார்த்தால், அடி எங்கே என்று தெரியவில்லை. நடுப்பகலிலும் கறுப்பு.

சத்தமும் வந்தது. முதலில் ஒரு தவளை. அப்புறம் கோரைக்குள் ஏதோ சலசலப்பு. தண்ணீருக்குள்ளிருந்து எப்போதாவது ஒரு களக். என்ன களக்? தெரியாது. திரும்பிப் பார்ப்பதற்குள் வளையம் மட்டும் விரிந்துகொண்டிருக்கும்.

“தாயே, மீன் வந்துடுச்சா?”

“பாத்தீங்களா?”

“பாக்க முடியலியே. எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“உச்சிக்கு வாங்க,” என்றாள்.

உச்சிக்குப் போனார்கள். அமிழ்ந்த மருத மரத்தின் அடிமரம் ஒரு சாண் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. இலை தழைத்த கிளையொன்று கரையிலிருந்து அதன்மேல் கவிந்து, அந்த இடத்தையே இருட்டாக்கி வைத்திருந்தது. வெட்டின மரத்தின் கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த கிளை அது.

“மரத்துமேல குப்புறப் படுங்க. கையைக் கீழ விடுங்க.”

படுத்தார். கையை விட்டார். மணிக்கட்டுவரை தெரிந்தது. முழங்கைவரை விட்டபோது விரல் மறைந்துவிட்டது. தோள்வரை விட்டார். மரத்துக்கு அடியில் தண்ணீர் வேறு மாதிரிச் சில்லென்றிருந்தது. தன் கை தன்னோடுதான் இருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

“பயமா இருக்கு, தாயே.”

“இருக்கட்டும்.”

காத்திருந்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு புறங்கையில் ஏதோ உரசியது. போய்விட்டது. மறுபடி வந்தது. இப்போது ஒன்றில்லை, பல. சின்னச் சின்ன வாய்கள் விரல் இடுக்கில் கவ்விக் கவ்வி விட்டன. அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

“குஞ்சு! தாயே, குஞ்சு மீன்! மொய்க்குது!”

பூரணியம்மை குனிந்து தண்ணீரைப் பார்த்தாள்.

திடீரென்று அத்தனை வாயும் விலகின. தண்ணீர் அசையாமல் நின்றது. கீழே, இன்னும் ஆழத்திலிருந்து, மெதுவாக ஏதோ ஒன்று மேலேறி வந்தது. வருவது அவருக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது அவர் சுண்டு விரலைத் தொட்டது. வழுவழுப்பாக, சில்லென்று, அந்த விரலைச் சுற்றிக்கொண்டது. இறுக்கமாக இல்லை, விட்டுவிடவும் இல்லை. கடைத்தெருவில் கூட்டிக்கொண்டு போகும்போது பிள்ளை பிடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி.

தில்லைக்கண்ணு கையை இழுக்கவில்லை.

“பிடிச்சிருக்கு, தாயே.”

“எது?”

“தெரியல. விரலைப் பிடிச்சிருக்கு.”

“விலாங்கா இருக்கும்.”

“இருக்கும்.”

“பாத்துடலாமா?”

பூரணியம்மை எட்டி, மேலே கவிந்திருந்த கிளையைப் பிடித்து ஒதுக்கினாள். வெயில் நீளமாகத் தண்ணீருக்குள் இறங்கியது. அவர் தோளைத் தாண்டியது, முழங்கையைத் தாண்டியது, மணிக்கட்டை நோக்கிப் போனது. இன்னும் கொஞ்சம் போனால் போதும்.

தில்லைக்கண்ணு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“கிளையை விட்டுடுங்க, தாயே,” என்றார். “புள்ளைக்கு வெயில் படுது.”